அதற்கு அடுத்த கார்த்திகை

மாசி 12, காலை 6.10. மதுரை பழங்காநத்தத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் ஒன்பது ரூபாய். கும்பகோணத்திலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த முதுகு இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர் வேண்டாம் என்றது. ஏறிவிட்டேன். ஓர் ஊரில் பத்து நாள் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும் பிறவி நான். இந்த முறை அரிப்பு இல்லை. சட்டைப்பையில் ஓர் இன்லாண்டு கடிதம் இருந்தது.

"அண்ணனுக்கு கோமதி எழுதுவது. இவிய மலைக்குப் போயிட்டு வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் மாலையக் கழத்தல. கழத்தவும் வேண்டாம். ஆனா மாமா ஆஸ்பத்திரில கெடக்காக. நீங்க வந்து ஒரு நாலு நாள் கூட இருங்க."

கோமதி என் நண்பன் சங்கரபாண்டியின் மனைவி. அவன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே ஆலையின் டைம் ஆபீசில் நான் இரண்டு வருடம் வேலைக்கு வருகிறவர்களின் பேர் எழுதினேன். போன ஆவணியில் அவன் ரத்த வாந்தி எடுத்தான். இனி ஒரு தடவை குடித்தால் இனி ஒரு தடவை வாந்தி, அதற்கப்புறம் தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியம் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று தடவை நிறுத்தினான். மூன்று தடவையும் ஒரு வாரம் தாண்டவில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டான். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை. மலை ஏறி இறங்கி, கூடப் போனவர்கள் எல்லாம் மாலையைக் கழற்றிய பிறகும் அவன் மட்டும் கழற்றவில்லை.

பக்கத்தில் இருந்தவர் வன்னியம்பட்டிக்காரர். மடியில் முட்டை அட்டைகள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்து எதிரே பிராந்திக் கடை வாசலில் அவித்த முட்டை போடுகிறாராம்.

"கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் என் அடுப்பு தூங்கும் சார். பாதி ஊரு சாமியாயிரும்."

"தை மாதம்?"

"கழத்துன அன்னைக்கே வந்துருவாக. கழுத்துல சந்தனம்கூடக் காஞ்சிருக்காது. ரெண்டு மாசத்துக்குச் சேத்துல்லா திங்காக." அட்டையை மெல்லத் தூக்கி, உடைந்ததா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி நமக்கு விரோதி இல்ல சார். அவரு பசியைக் கூட்டிக் குடுக்காரு."

கல்லுப்பட்டி தாண்டியதும் மேற்கே மலை நீலமாக எழுந்தது. பிறகு அது கூடவே வந்தது, ஏதோ கேட்க வேண்டியதைக் கேட்காமலே நடந்து வருகிற ஆள் போல.

8.50. ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் முழுக்க வெயில், தெருவில் பாதி இன்னும் நிழல். கால் கிலோ பால்கோவா பத்து ரூபாய். பொட்டலம் கையில் சூடாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டிலில் சங்கரபாண்டியின் அய்யா. எண்பது வயது உடம்பு, கட்டிலின் கால்வாசிகூட இல்லை. கோமதி கரண்டியால் பார்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள், அடுத்த கரண்டி. பக்கத்துக் கட்டில்காரி என்னிடம் சொன்னாள்: "மருமகன்னா இதுல்லா மருமக. பெத்த பிள்ளை பாக்குமா இப்படி."

கோமதி என்னை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள்.

"அண்ணே, உங்ககிட்டத்தான் சொல்ல முடியும். நான் மாமாவுக்கு ஊத்தல. இவியளுக்குத்தான் ஊத்துதேன்."

"அவனுக்கா?" என்றேன்.

"மாமா போயிட்டா தீட்டு. அன்னைக்கே மாலையக் கழத்தணும். அப்பன் செத்தா ஒரு வருஷம் மலைக்குப் போகவும் கூடாது. அப்படின்னா வார கார்த்திகைக்கு மாலை போட முடியாது. அதுக்கு அடுத்த கார்த்திகைதான்." விரல் மடக்கி எண்ணினாள். இரண்டு கை விரலும் முடிந்து, மறுபடி முதல் கையில் தொடங்கி, மறுபடி இரண்டாவது கை, அப்புறம் ஒன்று. "இருபத்தொரு மாசம், அண்ணே. மாலை இல்லாம அவிய ஒரு வாரம் தாண்டுனதில்ல."

உள்ளே கிழவர் இருமினார். அவள் ஓடினாள். ஒரு கிழவரின் மூச்சில் ஒரு துளசிமாலை தொங்குகிறது. அதைக் கரண்டியால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறாள் ஒருத்தி.

பிற்பகல் 3.20. ராஜபாளையம். பதினொரு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். ஆலைக் கேட்டின் எதிரே நின்றேன். பன்னிரண்டு வருடத்தில் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள், வேறொன்றும் மாறவில்லை. கேட்டிலிருந்து பிராந்திக் கடைக்கு நூற்றெண்பது தப்படி. முன்பு அது சாராயக் கடை; அப்போதும் நூற்றெண்பதுதான், நான் அளந்திருக்கிறேன். தொழிலாளர் வீடுகளுக்கு ஒன்றரை மைல். சங்கு ஊதியதும் கதவு திறந்தது. புருவத்திலும் காதிலும் பஞ்சு ஒட்டிய மனிதர்கள், வெள்ளை நரை பூசிய இளைஞர்கள், ஐந்தைந்து பேராக, நாலு நாலு பேராக வெளியே வந்தார்கள். ஒரு ஷிப்டில் சேர்ந்து வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்தே குடிக்க வேண்டும். அதற்குச் செட்டு என்று பேர். உள்ளே இறங்கிய பஞ்சை நனைத்தால்தான் வயிற்றுக்குப் போகும், இல்லையென்றால் நெஞ்சில் திரிந்து கயிறாகும் என்று ஒவ்வொரு செட்டும் நம்புகிறது. நானும் நம்பினேன், ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து பேர் மட்டும் எழுதியவன்.

கடைசியாக வந்தான் சங்கரபாண்டி. வெறுங்கால். சாயம் போன நீல வேட்டி. மூன்றரை மாதத் தாடி. மாலையின் மணிகளுக்கு நடுவே பஞ்சு சிக்கியிருந்தது. கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. யாரும் அவன்மேல் படவில்லை.

"சாமி சரணம், அண்ணாச்சி" என்றான். கட்டிப்பிடிக்க வந்த என் கை பாதியில் நின்றது. கும்பிட்டேன்.

அவன் செட்டில் மற்ற நாலு பேர் கடை வாசலில் காத்திருந்தார்கள். தலைவன் மாடசாமி, கோமதியின் கூடப்பிறந்த தம்பி. ரத்த வாந்தி எடுத்த அன்று அத்தானைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன், ரத்தமும் கொடுத்தவன்.

"சாமி, சோடாவாவது குடிச்சிட்டுப் போறது."

"வேண்டாம் சாமி."

"ஏலே, சாமிய வற்புறுத்தாத. கண்ணைக் குத்திரும்" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

உள்ளே மேசையில் ஐந்து கிளாஸ். நாலு நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து. மாடசாமி என்னிடம் அதைக் காட்டினான்.

"நெனப்பிருக்கா அண்ணாச்சி? உங்க எடம்லா இது. நீங்க ஊரை விட்டுப் போகையில சாமிய உக்கார வச்சிட்டுப் போனீக. எம்புட்டு நாளா கவுந்து கெடக்கு பாருங்க. கையி போக மாட்டேங்குது எங்களுக்கு, எடுத்துப் போட."

நினைவிருக்கிறது. ஒரு செட்டை நாலாக விட்டுப் போகக் கூடாது என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த, குடித்தே பார்க்காத ஃபிட்டர் ஒருவனை என் நாற்காலியில் உட்கார்த்தி, என் கிளாஸை அவன் கையில் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்சைப் பிடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நானும் சங்கரபாண்டியும் ஒன்றரை மைல் நடந்தோம். வழியில் அவர்கள் கூட்டத்தின் குருசாமி நின்றார். பதினெட்டு வருடம் மலைக்குப் போனவர், ஆலையில் மேஸ்திரி. அவர் கழுத்தில் மாலை இல்லை. தை பிறந்ததுமே கழற்றியாயிற்று.

"விரதம்னா ஒரு முடிவு உண்டு சாமி. இப்படி போட்டுக்கிட்டே திரிஞ்சா குத்தம். நீ மாலைய அய்யப்பனுக்குப் போட்டியா, பிராந்திக்குப் போட்டியா?"

"ரெண்டுக்கும்தான் சாமி. அவரு இருந்தா அது வராது."

குருசாமி என்னைப் பார்த்தார். அவர் வாயிலும் வாடை இருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது.

மாசி 13, காலை 6.30. ஊருக்கு மேற்கே, அய்யனார் கோவில் அருவி. வாடகைச் சைக்கிளில் போனோம். மாசியில் அருவி என்பது பாறைமேல் ஒரு ஈரக் கோடு. அதற்குக் கீழே குந்தி உட்கார்ந்து, கையால் ஏந்தி ஏந்தித் தலையில் விட்டுக்கொண்டான். மாலை ஈரமாகி நெஞ்சில் ஒட்டியது.

"மாலை இல்லாம வேண்டாம்னு சொல்ல முடியாதா?" என்றேன்.

"சொன்னேனே. மூணு தடவ." தலையைத் துவட்டினான். "மொதத் தடவ, டாக்டரு வேண்டாம்னுட்டாருன்னேன். டாக்டரே குடிக்காரு, ஒக்காருலேன்னாங்க. ரெண்டாவது தடவ கோமதி சத்தியம் வாங்கிட்டான்னேன். அன்னையிலருந்து பொண்டாட்டி சேலையில ஒளியுதவன்னு பேரு. மூணாவது தடவ எனக்கே பிடிக்கலைன்னேன். அதுதான் தப்பாப் போச்சு. மாடசாமி அழுதுட்டான். 'எங்ககூட ஒக்காரக் கேவலமா இருக்கா அத்தான்'னு. ரத்தம் குடுத்தவன் அண்ணாச்சி."

"மாலைக்கு என்ன சொன்னார்கள்?"

"ஒண்ணும் சொல்லல. சாமின்னாங்க. தள்ளி நின்னாங்க." துண்டைப் பிழிந்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணரை மாசமா என்னை ஒருத்தன் ஏலேன்னு கூப்பிடல. ஒருத்தன் முதுகுல ஒரு அடி அடிக்கல. பூக்காரி பூவை மேல போடுதா, கைல தரமாட்டேங்கா. செத்தவன்கூட இம்புட்டு சுத்தமா இருக்க மாட்டான்."

திரும்பி வரும்போது பத்து மணி. வீட்டு வாசலில் மாடசாமி நின்றிருந்தான். எட்டே காலுக்கு ஆஸ்பத்திரியில் கிழவரின் மூச்சு நின்றுவிட்டது. கோமதி உடலோடு வேனில் அவர்கள் சொந்த ஊரான தேவதானத்துக்குப் புறப்பட்டுவிட்டாள்.

குருசாமியைக் கூட்டி வந்திருந்தார்கள். சங்கரபாண்டி கிழக்கே பார்த்து நின்றான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முணுமுணுத்தார், தலைக்கு மேலாக எடுத்தார், பித்தளைத் தட்டில் வைத்தார். கழுத்தைச் சுற்றி வெயில் படாத ஒரு வெளிறிய தடம் இருந்தது. மாடசாமி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அத்தான்" என்று விம்மினான். மூன்றரை மாதத்தில் அந்தத் தோளைத் தொட்ட முதல் மனிதன் அவன்தான். சங்கரபாண்டியின் கை, யோசிக்காமல், மாடசாமியின் தலைக்குப் போயிற்று.

பிற்பகல் 1.30. சேத்தூரைத் தாண்டித் தேவதானம். அறுவடை முடிந்த வயல், கொட்டுச் சத்தம், சாமியானாவின் கீழே பெஞ்சுகள். கோமதி ஒப்பாரிக் கூட்டத்திலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. தூரத்தில் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டியின் கழுத்தையே பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. சுடுகாட்டுலருந்து வந்ததும் தோப்புல பிராந்தி ஊத்துவாக. கொள்ளி வச்ச மகனுக்கு மச்சான் ஊத்துறது மொறை. மாடசாமி கால்ல விழுந்துட்டேன். 'மொறைய விட்டா நாளைக்கு என்னை எவன் சாவு கேதத்துக்குக் கூப்பிடுவான்'ங்கான். நீங்க அவிய பக்கத்துல ஒக்காருங்க. விருந்தாளி நீங்க, உங்களுக்குத்தான் மொதல்ல நீட்டுவாக. வேண்டாம்னு சொல்லுங்க. மொதல்ல சொல்லுத ஆளுக்குத்தான் நாக்கு எழும்பாது. ஒருத்தர் சொல்லிட்டா ரெண்டாவது ஆளுக்கு லேசு. இவிய சொல்லிருவாக. எனக்குத் தெரியும்."

"சொல்கிறேன்" என்றேன். அதைவிட எளிய காரியத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கும்பகோணத்தில் நான் குடிப்பதில்லை. பன்னிரண்டு வருடமாகத் தொடவில்லை.

4.40. சுடுகாட்டிலிருந்து வந்து வாய்க்காலில் குளித்து, ஈர வேட்டியோடு தென்னந்தோப்புக்குப் போனோம். முப்பது பேர் இருக்கும். தேர் கட்டியவர், தூக்கியவர், கொட்டடித்தவர், தூரத்து உறவு, ஆலைச் செட்டு நாலு பேர். ஓலைத் தடுக்குகள் போட்டிருந்தது. சொன்னபடியே சங்கரபாண்டியின் இடது பக்கம் உட்கார்ந்தேன். மொட்டைத் தலை, மழித்த முகம். யாரோ முகம் தெரியாத இளைஞன் போல இருந்தான். என் பக்கம் திரும்பி, "இருங்க அண்ணாச்சி, எந்திச்சிராதீக" என்றான்.

சத்தமே இல்லை என்பதுதான் அந்தத் தோப்பில் விசேஷம். கடையில் கேலி உண்டு, பாட்டு உண்டு. இங்கே பெரியவர்கள் தலை குனிந்து, மருந்து போல வாங்கி, வானத்தைப் பார்த்து விழுங்கினார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது. அய்யா எப்படி ஏர் பிடிப்பார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் கண்ணைத் துடைத்தார்.

மாடசாமி வந்தான். கண் சிவந்து, ஈரத் துண்டு தோளில். ராஜபாளையத்திலிருந்து, கவிழ்ந்து கிடந்த அந்தக் கிளாஸைக் கொண்டுவந்திருந்தான். அதைச் சங்கரபாண்டியின் முன்னால் நிமிர்த்தி வைத்தான். இன்னொரு கிளாஸை இரண்டு கையாலும் என் முன்னே நீட்டினான்.

"அண்ணாச்சி. தூரா தொலைலருந்து எங்க கேதத்துக்கு வந்திருக்கீக."

முப்பது பேரும் என் கையைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்: வேண்டாம் என்று சொல்லி, பிணம் எரிகிற நாளில் இந்தப் பையனின் முகத்தை ஏன் வாடவைக்க வேண்டும்? கையில் வாங்கி வைத்துக்கொள்வோம். குடிக்க வேண்டாம். யாரும் பார்க்காதபோது தென்னை மூட்டில் ஊற்றிவிடலாம். இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

வாங்கினேன்.

வாங்கியபடி வலது பக்கம் பார்த்தேன். சங்கரபாண்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கிளாஸைப் பார்த்தான். ஏதோ வழக்கு தீர்ந்துபோனவன் போல அவன் தோள் இறங்கியது. கையை நீட்டினான். மாடசாமி ஊற்றினான்.

நான் என்னுடையதைத் தென்னை மூட்டில் ஊற்றினேன். அவன் ஊற்றவில்லை.

மாசி 16, காலை 10.15. தேவதானம் பஸ் நிறுத்தம். இறந்த பதினாறாம் நாள் வரை கேதம் கேட்க, துக்கம் விசாரிக்க, ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மூன்று நாளில் நான் அதைப் பார்த்தேன். ஒரு பாட்டில் சேலைக்குள் வந்தது, ஒன்று வாழை இலைக் கட்டுக்குள், ஒன்று வெளிப்படையாகச் சைக்கிள் கேரியரில். எல்லாம் அன்பு. ஒவ்வொருவரும் ஒரு வாய் அன்பு கொண்டுவந்தார்கள்.

கிளம்பும்போது கோமதி பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைத் தந்தாள்.

"மாலை. வீட்ல இருந்தா அவியளுக்குப் பாக்கப் பாக்கச் சங்கடமா இருக்கு. நீங்க வச்சிருங்க அண்ணே. அதுக்கு அடுத்த கார்த்திகைக்கு நீங்களே கொண்டு வாங்க."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"மாடசாமி சொன்னான்" என்றாள். "நீங்க குடிக்கலையாமே. கீழ ஊத்திட்டீகளாம். நல்லது அண்ணே."

அவள் குரலில் குத்தல் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

சங்கரபாண்டியும் மாடசாமியும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். சங்கரபாண்டி செருப்புப் போட்டிருந்தான். மாடசாமியின் கை அவன் தோளில் கிடந்தது. எதிரே டீக்கடையிலிருந்து ஒருவன், "ஏலே மொட்டை, அண்ணாச்சிக்கு டீ சொல்லலையாலே" என்று கத்தினான். சங்கரபாண்டி சிரித்தான். அருவிக்கரையில் பார்க்காத சிரிப்பு. வியர்வையும் வாடையும் கலந்து என்னைக் கட்டிப்பிடித்தான். இந்தத் தடவை என் கை பாதியில் நிற்கவில்லை.

"அடிக்கடி கார்டு போடுதேன் அண்ணாச்சி. ஒண்ணும் பயப்படாதீக. கொறைச்சிக்கிடுதேன்."

பஸ் ராஜபாளையம் வந்து, ஆலைக் கேட்டைத் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நிமிடம் நின்றது. முட்டைக்காரர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபுரம் பின்னால் வெகு நேரம் தெரிந்தது. மலை ஓரிடத்தில் நின்றுகொண்டது.

கும்பகோணம். இங்கே என் தெருவிலும் பிராந்திக் கடை உண்டு; என் வீட்டிலிருந்து இருநூறு தப்படி இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் அதன் வாசலில் யாரும் எனக்காகக் காத்து நின்றதில்லை. யாருடைய தம்பியும் இரண்டு கையால் எனக்கு எதையும் நீட்டியதில்லை. என் ஒழுக்கம் என்று நான் நினைத்திருந்ததற்கு இவ்வளவுதான் அளவு. மாலையை எழுதும் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். மணிகளுக்கு நடுவே ராஜபாளையத்துப் பஞ்சு இன்னும் இருக்கிறது. மின்விசிறி சுற்றினால் ஆடுகிறது.

பங்குனியில் சங்கரபாண்டியின் கார்டு இரண்டு வந்தது. சித்திரையில் ஒன்று. நேற்று, வைகாசி பதினொன்றாம் தேதி, கோமதியின் கையெழுத்தில், மூலையில் கறுப்பு மை தடவிய ஒரு கார்டு வந்தது. ஒரே வரி.

"அண்ணே, மாலையக் கொண்டு வர வேண்டாம். அங்கனயே காவேரில விட்டுருங்க."

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். காவேரியில் தண்ணீர் இல்லை. இக்கரையிலிருந்து அக்கரை வரை மணல். ஆடியில் தண்ணீர் வந்தால் விடலாம் என்று திரும்பக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினேன்.